ரேஞ்ச் கேட்கிறோம், எடையைக் கேட்பதில்லை

மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" பெட்ரோல் கார் என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று நோண்டி நோண்டிக் கேட்கும் அதே ஆட்கள், யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்பதே இல்லை. கம்பெனிகளுக்கு இது ரொம்ப வசதி. ரேஞ்ச் போதவில்லையா, இன்னும் கொஞ்சம் பேட்டரியை அடை, முடிந்தது வேலை.

பேட்டரி என்ன சும்மாவா வருகிறது? செல், உறை, குளிரூட்டும் குழாய் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ பேட்டரிப் பெட்டியில் தோராயமாக 150 வாட்-மணி மின்சாரம்தான் அடங்கும் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). அப்படியானால் 10 யூனிட் கூட்டினால் 65 கிலோவுக்கு மேல் ஏறும், அதாவது ஒரு முழு ஆள் இறங்கவே இறங்காமல் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் கனமாக வேண்டும், அந்தக் கனத்தையும் சேர்த்து இழுக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி வேண்டும். இது எங்கே போய் முடியும் என்று பார்க்க அமெரிக்காவின் ஹம்மர் இவி போதும். மொத்தம் 4 டன்னுக்கு மேல், அதில் பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ, கிட்டத்தட்ட ஒரு ஹோண்டா சிவிக் காரின் எடை! 500 கிலோமீட்டர் தாண்டி ஓடுகிறது, சரி, ஆனால் யூனிட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் தேறினால் பெரிது.

இங்கே எம்ஜி காமெட் என்ற குட்டிக் கார் 17.3 யூனிட் பேட்டரியில் 230 கி.மீ. என்றுதான் சான்றிதழ் வாங்கியது, யூனிட்டுக்கு 13-க்கு மேல். அதைவிடப் பெரிய கார், டாடாவின் முதலில் வந்த நெக்ஸான் இவி, 30.2 யூனிட்டில் 312, அதாவது சுமார் 10. இரண்டுமே சாலையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கும்.

எடை மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டால் காற்றுதான் பெரிய எதிரி. மெர்சிடிஸின் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் சோதனைக் கார் 2022-இல் ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கரை வரை ஒரே சார்ஜில் 1,000 கி.மீ. தாண்டியது, அதன் எடையோ சுமார் 1,750 கிலோ. பெரிய உதவி காற்றைக் கிழிக்கும் அதன் வடிவம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் ஓட்டுவது சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று. ஒவ்வொரு தடவையும் அத்தனை எடையையும் கிளப்ப வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வருகிறதே என்பார்கள். வரும், முழுசாக வராது, டயர் உருளுவதில் போனது வரவே வராது.

எடை குறைக்கிறேன் என்று பிஎம்டபிள்யூ ஐ3-க்குக் கார்பன் ஃபைபர் உடம்பே செய்தார்கள், அந்த விலை நமக்குக் கட்டாது. செல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் போடாமல் நேரே பேட்டரிக்குள் அடுக்குவது நல்ல வழி, சீனர்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட மலிவான வழி காரைச் சின்னதாகச் செய்வது. ஜப்பானில் 20 யூனிட் பேட்டரியோடு வந்த நிசான் சகுராதான் வந்த வேகத்தில் அங்கே அதிகம் விற்ற மின்சாரக் கார் ஆனது.

நார்வே 2023 முதல் புதுக் காருக்கு 500 கிலோவுக்கு மேல் கிலோ கணக்கில் வரி போடுகிறது, மின்சாரக் காருக்கும் சேர்த்து. இங்கே காமெட்டுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, இரண்டரை டன் சொகுசு எஸ்யூவிக்கும் அதே 5 சதவீதம். யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து இந்தச் சலுகையைக் கொடுத்தால் என்ன?