அக்குவாபாவை வெறும் அலங்காரப் பொம்மையாக விற்காதீர்கள்

கானாவின் அசாந்தி மக்களுடைய அக்குவாபா பொம்மையை எங்காவது பார்த்திருப்பீர்கள். வட்டத் தட்டு போல அகன்ற தலை, முகத்தில் பாதிக்கு மேல் நெற்றி, வளையம் வளையமாகக் கழுத்து, பக்கவாட்டில் நீட்டிய குட்டிக் கைகள், பெரும்பாலும் கால்களே இருக்காது. இப்போது காதணி, சாவிக்கொத்து என்று எல்லா வடிவத்திலும் 'பிள்ளைவரம் தரும் ஆப்பிரிக்கப் பொம்மை' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அந்த ஒற்றை வரி எனக்கு ஆறவே இல்லை.

அசாந்திகள் சொல்லும் கதை இது. அக்குவா என்ற பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. பூசாரியிடம் போகிறாள். மரத்தில் ஒரு பிள்ளையைச் செதுக்கச் செய்து பெற்ற பிள்ளையாகவே பார்த்துக்கொள் என்கிறார் அவர். அவளும் மணி மாலை போட்டு, துணியால் முதுகில் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறாள். 'பார், அக்குவாவின் பிள்ளை' என்று ஊரே சிரிக்கிறது. பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும், பிள்ளை இல்லாத மற்றப் பெண்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள், அந்தக் கேலிப் பெயரே பொம்மைக்கும் நிலைத்துவிட்டது.

பொம்மை பெண்ணாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு. அசாந்திகளுக்கு வம்சம் தாய்வழியில்தான், மகள் இல்லாவிட்டால் குடி அதோடு நின்றுபோகும். அகன்ற நெற்றி அவர்கள் கண்ணில் அழகு, கழுத்து வளையங்கள் கொழுகொழுவென்ற ஆரோக்கியமான பிள்ளையின் சதைமடிப்பு. ஆசைப்பட்ட மகளை அப்படியே மரத்தில் கேட்டிருக்கிறார்கள்!

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மரம் கருவைத் தராது, சரி. ஆனால் பிள்ளையில்லாத ஏக்கத்தை வீட்டு மூலையில் அழுது மறைக்காமல், எல்லார் கண்ணெதிரே முதுகில் சுமந்து நடக்க ஒரு பெண்ணுக்கு அந்தச் சமூகம் வழி வைத்திருந்ததே, அது சின்ன விஷயமா? கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும், சுமந்தது அவள் மட்டும்தான். குறை கணவனிடமும் இருந்திருக்கலாம், அவன் முதுகில் யாரும் பொம்மையைக் கட்டவில்லை.

பிள்ளை பிறந்ததும் பொம்மையைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பதுண்டு, பிறந்த குழந்தைக்கு விளையாடத் தருவதும் உண்டு. இப்படி ஒருத்தி கையில் இருந்த பொம்மைதான் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கிறது.

கானாவில் குமாசி நகருக்குப் பக்கத்து அஹ்வியா ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செதுக்குபவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அது அவர்கள் பிழைப்பு, அவர்கள் கைத்திறன். வாங்கிக் காட்சிக்கு வைப்பவர்களிடம்தான் கேட்கிறேன். மரம், உயரம், நூற்றாண்டு எல்லாம் எழுதுகிறீர்கள், இதை ஒரு பெண் முதுகில் கட்டிச் சுமந்தாள் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.