பெயர்ப்பலகை மட்டும் போதாது

சமூக நீதிக்காக உழைத்த பழைய மாணவியை ஒரு கத்தோலிக்கப் பள்ளி கௌரவித்ததைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நல்ல செய்திதான். ஆனால் அவர் யாரை எதிர்த்தார், அதற்காக என்ன இழந்தார் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ‘சேவை’, ‘அன்பு’ என்று சொல்லி முடித்துவிட்டது.

இங்கே கோலாலம்பூரிலும் இதே கதைதான். 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டில் படித்தவர் அம்பிகா சீனிவாசன். வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்து, நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த 2011 பெர்சே பேரணிக்குத் தலைமை தாங்கியவர். விருதுகளைச் சொல்வது சுலபம். அந்தப் பேரணிக்கு முன் அவர்மீது கொட்டிய வசையையும் மிரட்டலையும் பள்ளி மண்டபத்தில் யார் சொல்லப் போகிறார்கள்?

தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஐரீன் பெர்னாண்டஸையும் பாருங்கள் (அவர் எந்தப் பள்ளி மாணவி என்பது இருக்கட்டும், ஆசிரியராக இருந்தவர்). தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் பட்ட கொடுமையை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். மறு வருடமே வழக்கு. 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீடு, 2008-இல்தான் விடுதலை. கடப்பிதழைக்கூட நீதிமன்றம் பிடித்து வைத்திருந்தது. நடுவில் 2005-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது வந்தது என்பது வேறு விஷயம்.

சரி, கௌரவிக்கட்டும். அப்புறம் படிவம் நான்கு (பதினாறு வயது) மாணவிகளுக்கு அந்த வழக்கின் கதையையும் படிக்கக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடம் கூட்டுகிற, காவல் காக்கிற அந்நியத் தொழிலாளரின் சம்பளம் எவ்வளவு என்று அவர்களே கேட்பார்கள்.