முதல் பரிசு வாங்கியவன் படிக்காத புத்தகம்

பள்ளிக்கூட நாவல், காலேஜ் நாவல் என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் உடனே நாலு காதல் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. திருத்திய பரீட்சைப் பேப்பரை வாத்தியார் கொடுக்கும்போது வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆள் எழுதியதா இது? அவ்வளவுதான். அது தெரிந்தவர் எழுதியிருந்தால் நடுவில் எவ்வளவு அறிவுரை சொன்னாலும் பொறுத்துக்கொண்டு படித்துவிடுவேன்.

எங்கள் ஸ்கூலில் (பெயர் வேண்டாம், பாலாற்றுக்கு இந்தப் பக்கம்) மார்க் வரிசையில்தான் பேப்பர் கொடுப்பார்கள். முதல் ஐந்து பேருக்கு வாத்தியார் முகத்தில் சிரிப்பு இருக்கும், பெயரை இனிஷியலோடு கூப்பிடுவார். கடைசியில் முப்பத்தைந்துக்குக் கீழே வந்ததும் பேப்பர் பறக்கும், அதோடு ஏதாவது ஒரு வசனமும் வரும், அந்தப் பையன்கள் அதைப் பத்து வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார்கள். நடுவில் இருக்கிற நாங்கள் முப்பது பேர்? ஐம்பத்திரெண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று ரேஷன் கடை மாதிரி போகும். சிரிப்பும் கிடையாது, திட்டும் கிடையாது. உட்காரும் இடமும் ரேங்க்படிதான் என்பதால் பத்தாவது முழுக்க எனக்கு மூன்றாவது பெஞ்சு ஓரம்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் மு.வ. என்கிற மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ நாவல் வந்து சேர்ந்தது, அதுவும் இரண்டாம் கையாக. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக என் நண்பனுக்குக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்து, மேலே பாதி அழிந்த ஊதா சீல், பச்சை மையில் அவன் பெயர். அவன் இரண்டு நாள் பையில் வைத்திருந்துவிட்டு, "மு.வ.டா, ஒரே அட்வைஸா இருக்கும், நீ படி" என்று என்னிடம் தள்ளிவிட்டான். வீட்டில் நைனா அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுல இருந்து பரீட்சைக்கு எதுனா வருமா?" என்றார். வராது என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் பக்கத்திலேயே பாலாற்று மணல். எனக்கு உடம்பே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதை நடப்பது வாலாஜாப்பேட்டை. மு.வ.வுக்குச் சொந்த ஊரான வேலம் அதற்குப் பக்கத்தில்தான். அதுவரை நாவல் என்றால் சென்னையிலோ தஞ்சாவூரிலோ நடப்பது, நம் பஸ் ஸ்டாண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பெருங்காஞ்சியிலிருந்து படிக்க வருகிற சந்திரன் அழகன், அறிவாளி, எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவன். கதை சொல்கிற வேலய்யன் அப்படியெல்லாம் இல்லை. ஆனால் சந்திரனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், பொறாமையும் பாசமும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல். மூன்றாவது பெஞ்சுக்காரன் முதல் பெஞ்சுக்காரனைப் பார்க்கிற பார்வை அது. நான் அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அச்சில் இருந்தது.

எல்லோரும் இதை ஒழுக்க நாவல் என்கிறார்கள். 1961இல் சாகித்திய அகாதமி விருது கொடுத்தார்கள், கல்யாணத்துக்கெல்லாம் மு.வ. புத்தகங்களைப் பரிசாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது, சரி. எனக்கு அந்த ஒழுக்கப் பகுதியில்தான் சண்டை. சென்னைக்குக் காலேஜ் போன சந்திரன் வழி தவறிப்போய் கடைசியில் தொழுநோயோடு வந்து நிற்கிறான். வேறு ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் அழுதுவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம், வேலூர்ப் பக்கத்துக்காரனால் முடியாது. தொழுநோய்க் கிருமியை நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால்தான் புண்ணும் சேதமும் வருகின்றன, விரல்கள் மடங்கிய கைகளையும் தசைநாரை மாற்றி இணைத்துத் திரும்ப வேலை செய்ய வைக்கலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டியது எங்கள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது 1955இல். இத்தனையும் வாலாஜாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருந்த காலத்தில், நம் மண்ணின் எழுத்தாளர் அந்த நோயை ஒருவனுடைய நடத்தைக்குத் தண்டனையாக எழுதுகிறாரே என்று இன்னும் கோபம் வருகிறது. கோபத்தோடுதான் நாலு தடவை படித்தேன் என்பது வேறு விஷயம்.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வைப்பது மு.வ.வின் சொந்தக் கதை. திருப்பத்தூர் தாலுக்கா ஆபீசில் எழுத்தர் வேலை, உடம்பு சரியில்லாமல் அதை விட்டார், தானே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார், அப்புறம் அதே திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியர், பச்சையப்பன் கல்லூரி, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மாகாண முதல் ஆளுக்கு எப்படி வேலய்யனின் குரல் இவ்வளவு சரியாக வந்தது? எனக்குப் புரியாத இடம் அதுதான்.

அடுத்தது ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலில் வருகிற சுவாமி, 1935. இங்கிலீஷில் எழுதியது என்றாலும் அந்தப் பையன் நம்ம பையன்தான். அப்பா ஒரு கணக்குப் போடுகிறார். ராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்து அணாவுக்கு விற்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலு போதும், எவ்வளவு கொடுப்பான்? சுவாமிக்கு ஒரே கவலை, அந்த மாம்பழம் பழுத்ததா காயா? இந்த ஒரு இடத்துக்காகவே அதை வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிறேன். கணக்கில் வீக் என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில், கணக்குக்கு வெளியே நிற்கிற ஒரு நியாயமான கேள்வியை நாராயண் பார்த்துவிட்டார். என் கணக்கு வாத்தியார் கையில் அந்தப் பையன் கிடைத்திருந்தால் பேப்பர் ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும்.

நாராயணின் ‘பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாயகன் பெயரும் சந்திரன். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு காலேஜ் போகிறவன் சந்திரசேகரன். காலேஜுக்கு அனுப்ப வேண்டும் என்றால் இந்தப் பெயரைத்தான் வைத்தார்களோ என்னவோ. ஆனால் மூன்று பேரும் மூன்று விதம். நாராயணின் சந்திரன் பி.ஏ. முடித்துவிட்டு ஆற்றங்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்து, ஜாதகம் பொருந்தாமல், சாமியாராகப் போய், எட்டு மாதத்தில் திரும்பி வந்து பத்திரிகை ஏஜென்சி எடுக்கிறான். நாராயண் அவனைத் தண்டிக்கவே இல்லை, தாடியை மழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மு.வ. இதைப் படித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். அசோகமித்திரனோ வகுப்பறையை ஓரமாக வைத்துவிட்டு, 1948இல் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேருமா சேராதா என்று கொந்தளிக்கும்போது ஒரு சாதாரண மாணவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறுவதை எழுதிக்கொண்டு போகிறார். கடைசிப் பக்கங்களைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

நா. பார்த்தசாரதி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ‘சத்திய வெள்ளம்’ எனக்கு ஓடவில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் நுழைவதைத் துணிந்து எழுதியிருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவர்கள் டீக்கடையில்கூட மேடையில் நிற்பது மாதிரியே பேசுகிறார்கள். அந்த யூனிவர்சிட்டியில் ஒருத்தனுக்குக்கூட அரியர் இல்லையா?

நடு பெஞ்சு, நடு பெஞ்சு என்று நான் கொஞ்சிக்கொண்டிருப்பதை ஒரு முறை பாமாவின் ‘கருக்கு’ நிறுத்தியது. தென்னை மரத்தைத் தொட்டு விளையாடும்போது ஒரு தேங்காய் விழுகிறது, சேரிப் பிள்ளை திருடிவிட்டாள் என்று முடிவாகிவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளும்தான் விளையாடினார்கள், அவளை மட்டும் எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சு என்று நாங்கள் சொன்னதில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். மார்க் மட்டும் காரணமாக இருந்த மாதிரி தெரியவில்லை. ‘கருக்கு’ நாவலா தன்வரலாறா என்று அடித்துக்கொள்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும், என் பட்டியலில் அது உண்டு.

இவ்வளவு படித்தும் எங்கள் ஊர் காலேஜ் நாவல் ஒன்று என் கண்ணில் படவில்லை. காட்பாடி ஜங்ஷனில் ஜூலை மாதம் நின்று பாருங்கள், பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு இறங்குகிற பிள்ளைகளையும் கூடவே வந்த அப்பாக்களின் முகத்தையும். சி.எம்.சி. எதிர்த் தெருக்களில் வங்காள மொழியில் போர்டு தொங்குகிறது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்தப் பிள்ளைகள் படிக்கிற காலேஜ் காம்பவுண்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்று, உள்ளே இருப்பவர்களின் புராஜெக்டை எல்லாம் ஸ்பைரல் போட்டுக் கொடுக்கிற பையன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் கதை சொன்னால் எப்படி இருக்கும்? யாராவது எழுதுங்கப்பா. நான் பிரூஃப் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

என் சந்திரனைப் பற்றிக் கேட்பீர்கள். கெட்டுப்போகவெல்லாம் இல்லை. நல்ல வேலை, வெளிநாடு, கொஞ்சம் தொப்பை. போன பொங்கலுக்கு வந்தவன் ஆற்காடு பாலத்துப் பக்கம் டீ குடிக்கும்போது திடீரென்று, "டேய், அந்த மு.வ. புக்கு உன்கிட்டதான கீது? அதுல ஹெச்.எம். கையெழுத்து இருக்கும், பையனுக்குக் காட்டணும்டா" என்றான்.

வீடு மாற்றினபோது தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அலமாரியில் மேல் தட்டில்தான் இருக்கிறது. அவன் முகநூலில் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.