ஆட்டுக்கல் வேண்டுமா, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்

பெண்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டதால்தான் சிசேரியன் பெருகிவிட்டது என்கிற அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். எழுதினால் இன்னும் நாலு பேர் தேடிப்போய்ப் பார்ப்பார்கள். ஆனால் இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே பெரியப்பா அதைப் போட்டு, கீழே ‘நூற்றுக்கு நூறு உண்மை’ என்றும் எழுதிவிட்டார். பதினொரு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் என் அத்தைகளும் சித்திகளும். அதுதான் தாங்கவில்லை.

‘அம்மி போச்சு, ஆட்டுக்கல் போச்சு, சுகப்பிரசவமும் போச்சு.’ கைதட்டல். ‘உங்க பாட்டி எந்த ஜிம்முக்குப் போனாங்க?’ இன்னும் பெரிய கைதட்டல். சரி, என் பாட்டி எந்த ஜிம்முக்கும் போகவில்லை. பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. மேடையில் அந்தக் கணக்கு வராது.

சிசேரியன் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதிகம்தான், கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே ஆய்வில் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63-க்கும் மேல். இரண்டு இடத்துக்கும் போகிற பெண்கள் வீட்டில் ஓடுவது மிக்ஸிதானே? 2011-ல் தொடங்கி அரசே விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்த ஊர் இது. அரசு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மிக்ஸியின் பாவம் பாதியாகக் குறைந்துவிடுகிறதா? கட்டணம், பயம், நல்ல நேரம் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தால் கை தட்ட ஆள் இருக்காது. மிக்ஸியைத் திட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலை வேறு, உடற்பயிற்சி வேறு. இரண்டிலும் வியர்க்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

எங்கள் ஊரில் தெருக்குழாயில் விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் வரும். அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகப் பத்து நடை எடுப்பாள். அதே நேரத்தில் அப்பா கண்மாய்க்கரை வரை போய் வருவார். அப்பா நடந்ததற்குப் பெயர் வாக்கிங். அம்மா நடந்ததற்குப் பெயரே கிடையாது. அப்பா திரும்பி வந்தால் திண்ணைக்குக் காபி வரும். அம்மா திரும்பி வந்தால் அம்மி காத்திருக்கும்.

ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, அம்மாவுக்கு அடி இறங்கியிருக்கிறது என்று. கர்ப்பப்பை இறக்கம். ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாமல், பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு அதே குடத்தைத் தூக்கியிருக்கிறாள். ‘கனமா ஏதாவது தூக்குற வேலை பார்ப்பீங்களா?’ என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னாள்: ‘இல்லைங்கம்மா, நான் வேலைக்குப் போகலை. வீட்டுலதான் இருக்கேன்.’

குடம் மட்டும்தான் காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று பிரசவம், வயது, எல்லாம் சேரும். ஆனால் மூன்று பிரசவத்துக்கும் பிறகு முப்பதாம் நாளே குடம் தூக்கியவளை ‘உடம்பு இரும்பு மாதிரி’ என்று பாராட்டியவர்களில் இதே பெரியப்பாவும் உண்டு.

‘அப்போ உடம்பு அசையவே வேண்டாமா?’ என்று ஒருவர் இந்நேரம் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பார். ஐயா, அசைய வேண்டும். லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-லேயே எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வீட்டு வேலையையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்டக்டருக்கு ஷிப்ட் முடியும், சம்பளம் வரும். டென்மார்க் ஆய்வாளர்கள் இதற்கு ‘உடலுழைப்பு முரண்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கிற அசைவு இதயத்துக்குத் தருகிற நன்மையை, பிழைப்புக்காக நாளெல்லாம் சுமப்பது தருவதில்லை. ஓய்வு வேண்டும். ஓய்வு இல்லாவிட்டால் அது வேலை, வெறும் வேலை.

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், இந்தியாவில் வீட்டு வேலை செய்கிற பெண்ணின் சராசரி ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆணுக்கு 97. அதுவும் செய்கிற ஆணுக்கு, கவனிக்கவும். வாரத்துக்குக் கூட்டினால் பெண்ணுக்கு 2000 நிமிடத்தைத் தாண்டும். மேடைக் கணக்குப்படி நம் பெண்கள் எல்லாம் ஒலிம்பிக்கில் இருக்க வேண்டும். ஆனால் அந்த 2019-21 குடும்ப நல ஆய்வில், இந்தியாவின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகையில் இருந்தார்கள்.

அந்தக் காலச் சாப்பாடு? கடைசியாகச் சாப்பிட்டவள் யார், சட்டியில் என்ன மிச்சமிருந்தது என்று சொல்லுங்கள், அதையும் பேசுவோம். அம்மிச் சட்னி ருசியா? ருசிதான். ருசி என்றே சொல்லுங்களேன், எதற்கு ஆரோக்கியத்தை இழுக்கிறீர்கள்?

‘பெரியவர் போட்டதுக்கு எதிர்த்து எழுதாதே, படிச்ச திமிருன்னு பேசுவாங்க’ என்று தங்கை தனியாகச் செய்தி அனுப்பினாள். பேசட்டும். அந்தப் படிப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? அம்மா கொண்டுவந்த தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள்கூட எதிரே போய் ஒரு குடத்தைக் கையில் வாங்கியதில்லை. படிக்கிற பிள்ளையாம். இதை எழுதும்போது பெரியப்பாமேல் இருக்கிற கோபம் எங்கெங்கோ போகிறது.

எங்கள் தெருவுக்கு அரசு கிரைண்டர் 2012-ல் வந்தது. அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முதல் மாவு ஓடும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என்னம்மா பண்றே?’ என்றேன். ‘சும்மா உட்கார்ந்திருக்கேன்’ என்றாள்.

ஆட்டுக்கல் இன்னும் கொல்லையில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது, குழவியோடு. குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது. கவிழ்த்துப் போடலாம் என்று நானும் தம்பியும் பார்த்தோம், அசைக்கக்கூட முடியவில்லை. பெரியப்பாவுக்கு வேண்டுமென்றால் இந்த வாரமே குட்டியானை வண்டி பிடித்து எடுத்துக்கொண்டு போகலாம். வாடகையில் பாதி நான் தருகிறேன்.