கோச்சை மாத்திட்டா கோல் வந்துடுமா?

2025 நவம்பரில் டாக்காவில் இந்திய ஃபுட்பால் அணி வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்ற ராத்திரியே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த கோச்சுக்கான தேர்தல் தொடங்கிவிட்டது. அணியின் கோச் காலித் ஜமீல் பொறுப்புக்கு வந்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒருத்தர் ஸ்பெயின்காரர்தான் வேண்டும் என்கிறார். இன்னொருத்தர், 'ஜப்பான்காரனைக் கூட்டிட்டு வாங்க, ஒழுக்கமாவது கத்துக்கொடுப்பான்' என்கிறார். பெரம்பூர் நண்பன் ஒருவன் ராத்திரி ஒரு மணிக்கு, 'பேசாம தோனியை மென்டராப் போட்டுடலாம்' என்று போட்டான். அதற்கு முப்பது லைக். 22 வருஷம் கழித்து வங்கதேசத்திடம் தோற்ற கோபம் எல்லோருக்கும். எனக்கும்தான். ஆனால் ஒன்றரை வருஷத்துக்குள் இதே நாடகத்தை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை 2024 ஜூன். இகோர் ஸ்டிமாச் ஐந்து வருஷம் கோச்சாக இருந்தார். அந்த ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அப்புறம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆப்கானிஸ்தானிடம் குவாஹாட்டியில், நம்ம மண்ணிலேயே, 1-2. கடைசியில் கத்தாரிடம் தோற்று வெளியே வந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஆட்டக்காரர்களின் ஜாதகத்தை ஜோசியரிடம் காட்டித்தான் லெவனையே போட்டார் என்று செய்தி வேறு. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், ஃபுட்பாலுக்குப் பதினொன்று போலிருக்கிறது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் அவரோடு சமரசம் பேசி 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். ஆளை அனுப்பக் கொடுத்த காசு இது.

இரண்டாவது, மனோலோ மார்கேஸ். நல்ல கோச், அதில் சந்தேகமே இல்லை. ஹைதராபாத் கிளப்பை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன் ஆக்கியவர். ஆனால் தேசிய அணிக்கு எடுத்தபோது எஃப்சி கோவா கிளப்பையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் ஒரு ஆபீஸ், சாயங்காலம் இன்னொரு ஆபீஸ். எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவிடம். அந்த ஆட்டத்துக்கே ஓய்வு அறிவித்திருந்த சுனில் சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஹாங்காங்கில் கடைசி நிமிஷ பெனால்டியில் தோற்ற பிறகு 2025 ஜூலையில் அவரும் கிளம்பினார்.

அடுத்து விளம்பரம் கொடுத்தார்கள். 170 விண்ணப்பம் வந்தது. அதில் பார்சிலோனாவின் பழைய நட்சத்திரம் சாவியின் பெயரும் இருக்கிறது என்றதும் நாடே கூத்தாடியது. அவர் கேட்கும் சம்பளம் நமக்குக் கட்டாது என்று விட்டுவிட்டார்களாம். பிறகு பார்த்தால் சாவி, கார்டியோலா இரண்டு பேர் பெயரிலும் வந்த மெயில் போலி என்று இந்தியக் கால்பந்து சம்மேளனமே அறிக்கை விட்டது. ஒரு கல்லூரிப் பையன் விளையாட்டாக அனுப்பியதாகச் செய்தி வந்தது. எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே வரவில்லை. நாம் எதைப் பார்த்துக் கோச் எடுக்கிறோம் என்பதை ஒரே மெயிலில் காட்டிவிட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூரா வெளிநாடா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. ஒன்பதாம் நம்பர் சட்டையை, அதாவது முன்னால் நின்று கோல் போடுகிற ஸ்ட்ரைக்கரின் சட்டையை, யார் போடுவது? அதுதான் கேள்வி.

2024 ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றபோது 151 ஆட்டத்தில் 94 கோல். அவர் இருந்த இருபது வருஷம் நாம் ஸ்ட்ரைக்கரைப் பற்றி யோசிக்கவே இல்லை. மழை பெய்கிற வரைக்கும் கிணறு தோண்டாத கதை. 2024-25 ஐஎஸ்எல்லில் இந்தியர்களில் அதிக கோல் போட்டவர் யார் தெரியுமா? 40 வயது சேத்ரி, 14 கோல். கிளப்புகள் முன்வரிசைக்கு வெளிநாட்டுக்காரரை வாங்குகின்றன. நம்ம பையன்களை விங்கில், மைதானத்தின் ஓரத்தில், ஓடவிடுகிறார்கள், இல்லையென்றால் எழுபதாவது நிமிஷத்தில் இறக்குகிறார்கள். கிளப்பைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கு அடுத்த வாரம் ஜெயிக்கணும். ஆனால் வருஷம் முழுக்க விங்கில் ஓடுகிறவனைப் பத்து நாள் முகாமில் வைத்து நடு ஸ்ட்ரைக்கர் ஆக்கு என்றால் எந்த ஊர் கோச்சாலும் முடியாது.

ஒரு ஸ்ட்ரைக்கர் உருவாக எவ்வளவு காலம் ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடியில் நான் பந்து உதைத்த காலத்தில் எங்களுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். ரயில்வே தொழிற்சாலையில் வேலை, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் நேராக மைதானத்துக்கு வருவார். காலில் ரப்பர் செருப்பு. கழுத்தில் விசில், அதை ஊதிப் பார்த்ததில்லை, நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பார், அதுவே போதும். (எங்கள் பகுதியைக் குட்டி பிரேசில் என்று பேப்பரில் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. பிரேசிலில் மழைக்கு முட்டியளவு தண்ணி நிற்கிற கிரவுண்டு இருக்குமா?) என்னை முதல் வாரமே ரைட் பேக், பின்வரிசை ஆள், என்று முடிவு செய்துவிட்டார். 'நீ முன்னாடி போனா ரெண்டு டீமுக்கும் நஷ்டம்' என்றார். சரியான தீர்ப்பு.

ஆனால் எங்களில் குள்ளமாக ஒருத்தன் இருந்தான், கட்டை என்று கூப்பிடுவோம். அவனை மட்டும் மைதானத்தின் ஓரத்தில் இருந்த குடோன் சுவருக்குக் கூட்டிப் போவார். சுவரின் இரண்டு கீழ் மூலையிலும் சாக்பீஸில் ஒரு கட்டம். இடது காலில் ஐம்பது, வலது காலில் ஐம்பது. கட்டத்துக்குள் பட்டால்தான் கணக்கு. பிளாடர் எட்டிப்பார்க்கிற பந்து, தையல் பிரிந்த இடம் காலில் கீறும். மழை வந்து சாக்பீஸ் அழிந்தால் மறுநாள் அவரே குனிந்து கோடு போடுவார். அப்புறம் எங்களில் ஒருத்தனை கோலியாக (கோல்கீப்பராக) நிறுத்துவார். 'பாலைப் பார்க்காத, கோலியோட இடுப்பைப் பாருடா. இடுப்பு எந்தப் பக்கம் சாயுதோ அதுக்கு எதிர்ப்பக்கம்' என்பார். முதல் வருஷம் கட்டை ஒரு கோல் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கமிட்டிப் பெரியவர்கள், 'இந்தப் பையனை எதுக்கு இறக்குற மாஸ்டர்' என்று சண்டைக்கு வருவார்கள். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டு, மறு ஆட்டத்திலும் அவனையே இறக்குவார். மூன்றாவது வருஷம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) ஃபைனலில், கோலி இடது பக்கம் சாய, கட்டை வலது மூலையில் மெதுவாக, கிட்டத்தட்ட பாஸ் கொடுக்கிற மாதிரி உருட்டிவிட்டான். சத்தமே இல்லாத கோல். மாஸ்டர் கைகூடத் தட்டவில்லை, சைக்கிள் பூட்டைத் திறக்கப் போய்விட்டார்.

மூன்று வருஷம், ஒரு பையன், ஒரு சுவர். அதோடு கமிட்டி கத்தும்போது அசராத ஓர் ஆள்.

தேசிய அணிக்கு அப்படி ஒருவர் இருந்த காலம் உண்டு. ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம், தொழிலால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 1950 முதல் 1963-ல் இறக்கும்வரை இந்திய அணி அவர் கையில் இருந்தது. 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நாலாவது இடம், 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று மறுபடி தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய அணியில் பெருவுக்கு எதிராக கோல் போட்டவர் நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரைக்கும் அதுதான். அந்தக் காலத்தோடு இந்தக் காலத்தை ஒப்பிடக்கூடாது என்பீர்கள், நியாயம்தான். கிட்டத்தில் பாப் ஹௌட்டன் இருக்கிறார். 2006-ல் வந்தவருக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. இரண்டு நேரு கோப்பை, 2008 சேலஞ்ச் கோப்பை, அதன் வழியாக 2011 ஆசியக் கோப்பை. அவர் இங்கிலாந்துக்காரர், ரஹீம் ஹைதராபாத்காரர். இரண்டு பேருக்கும் பொது, கிடைத்த காலம்.

இதில் காலித் ஜமீல் எங்கே நிற்கிறார்? 2016-17-ல் ஐஸால் என்ற சின்ன அணியை ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கியவர். முந்தின சீசனில் கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. பெரிய பெயர் இல்லாதவர்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்த ஆள். தேசிய அணிக்கு வந்த கையோடு மத்திய ஆசிய அணிகளின் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே வென்றார், ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அந்தத் தொடருக்கு கொல்கத்தா கிளப் மோகன் பகான் தன் ஆட்களை அனுப்பவே இல்லை. அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூருக்கு எதிராக நம்ம சாங்தே போட்ட கோலில் முன்னிலை வகித்துவிட்டு 1-2 என்று தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பைக் கதவு மூடியது. முன்னிலை கிடைத்ததும் பின்வாங்கி உட்காருகிற பழைய புத்தி அது. கிளப்பில் பலித்தது, இங்கே பலிக்கவில்லை. இதைக் கேட்கணும், கட்டாயம் கேட்கணும்.

ஆனால் அவருக்குக் கொடுத்தது என்ன? வழக்கமாக செப்டம்பரில் தொடங்குகிற ஐஎஸ்எல், 2025 நவம்பர் ஆகியும் தொடங்கவில்லை. வணிக உரிமைக்கு டெண்டர் விட்டால் ஒருத்தர்கூட வரவில்லை. நம்ம சென்னையின் எஃப்சி ஆகஸ்டிலேயே முதல் அணியின் வேலைகளை நிறுத்திவைத்தது. இரண்டு தடவை கோப்பை தூக்கிய மெரினா மச்சான்ஸ் கதி இது. அப்போது நேரு ஸ்டேடியம் பக்கம் போனால் மனசு கஷ்டமாக இருந்தது. லீக் இல்லாத நாட்டுக்குத் தேசிய அணிக் கோச் என்பது, அரிசி வாங்காத வீட்டுக்குச் சமையல்காரர் வைத்த மாதிரி. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் இந்தியக் குடியுரிமை வாங்கி வந்தார், நல்ல விஷயம், ஆனால் டாக்காவில் அவரை இறக்க அனுமதி வந்து சேரவில்லை.

காலித்தை மாற்றாமல் வேலை செய்ய விடுங்கள் என்பது என் கட்சி. நாளைக்கு அவரே போனாலும், அடுத்தவரை எடுக்கும்போது எந்த வெளிநாட்டு கிளப்பில் இருந்தாய் என்று கேட்க வேண்டாம். 2024 டிசம்பரில் முடிந்த, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியில் மேற்கு வங்கத்துக்காக 12 கோல் போட்ட ராபி ஹன்ஸ்தா எந்தக் காலில் அடிப்பான் என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் சாவியாக இருந்தாலும் சரி, சாத்தூர்க்காரராக இருந்தாலும் சரி, நாலு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். பெண்கள் அணியைப் பாருங்கள். மனோலோ கிளம்பிய அதே வாரம், தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அப்போதைய கோச் கிறிஸ்பின் சேத்ரி. அவர் உள்ளூரா வெளிநாடா என்று எந்த குரூப்பிலும் ஒரு சண்டை நடந்ததாக நான் பார்க்கவில்லை. அதைக் கவனிக்கவே ஆளில்லை என்பது வேறு வருத்தம்.

டாக்கா ஆட்டத்தை நான் கட்டையோடுதான் பார்த்தேன். அவனுக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து டிரையலுக்குப் போனான், 'இந்த வருஷம் ஃபுட்பாலுக்கு எடுக்கல' என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். இப்போது சாப்பாடு டெலிவரி. டீக்கடை பெஞ்சில் அவன் போனைத் தண்ணி ஜக்கில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். 11-வது நிமிஷம் கோல் வாங்கினோம். நான் வழக்கம்போல கோச்சைத் திட்டத் தொடங்கினேன்.

'அத விடுண்ணா. நம்ம நைன் யாரு? பேரு சொல்லு' என்றான்.

யோசித்தேன். அதற்குள் அவன் போனில் ஆர்டர் மணி அடித்தது, ஆட்டத்தை மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.