"எனக்க" என்றே பாடு, மக்கா

என் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். பாப் ராக். ஒன்பது பாட்டு, மொத்தம் 36 நிமிடம். இன்னும் வெளியாகவில்லை. பேண்டுக்குப் பெயரும் முடிவாகவில்லை, வாரத்துக்கு ஒன்று வைத்துக் கலைக்கிறார்கள். போன சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் காரில் போகும்போது எல்லாவற்றையும் போட்டுக் காட்டினான். சுமார் 30 கிலோமீட்டர்தான். தக்கலை நெரிசல் புண்ணியத்தில் இரண்டு தடவை கேட்டாயிற்று.

மேம்பாலம் ஏறும்போது கேட்டான்: "மாமா, உள்ளதச் சொல்லணும். ஒரிஜினலா இருக்கா?"

"கொள்ளாம்" என்றேன். நம்மூர் கொள்ளாமுக்குப் பத்து அர்த்தம் உண்டு என்பது அவனுக்கும் தெரியும். முகம் வாடிவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

அவனுக்குப் பயம் என்னவென்றால், முதல் பாட்டின் கிட்டார் அயர்லாந்து ராக் குழு யூ2 மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இருக்கிறதுதான். டிலே பெடலில் ஒரு தடவை மீட்டினால் நாலு தடவை திரும்பி வரும் அந்தச் சத்தத்தை எண்பதுகளில் அந்தக் குழுவின் கிட்டார்காரர் எட்ஜ் தன் கையெழுத்தாக்கிக்கொண்டார். ஆனால் இவன் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிட்டார் பிடித்துப் பழகியவன் இவன். உலகத்தில் பாதி ஆராதனைப் பாட்டு இன்று அந்தச் சத்தத்தில்தான் ஓடுகிறது. தன் சபையில் கற்றதை வாசித்துவிட்டு, கேட்டே இராத ஒருவரிடம் திருடியதாகக் குற்ற உணர்ச்சியோடு திரிகிறான், பாவம்.

ஜி, டி, ஈ மைனர், சி. இந்த நாலு கிட்டார் கார்டுக்கு யாரிடமும் பட்டா கிடையாது. பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963இல் வந்தது. 14 பாட்டில் 6 மற்றவர்கள் எழுதியவை. இன்று அதை யாராவது காப்பி என்கிறார்களா?

அவ்வளவு தூரம் போவானேன். கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம். வருஷா வருஷம் அதே சுடலை, அதே முத்துப்பட்டன். கதை பழசு என்று எந்தக் கிழவியும் எழுந்து போனதில்லை. சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டில் உடுக்கை ஏறும்போது சாமி வந்ததா இல்லையா என்பதுதான் பேச்சு. புலவர் நன்றாகப் பாடினார் என்பார்கள், புதுசாகப் பாடினார் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் அவியல். திருவனந்தபுரத்துக் குழு, 2008இல் முதல் ஆல்பம், எட்டுப் பாட்டு. மலையாளத்தில் முரட்டு ராக். அதில் ஒன்று "ஆடு பாம்பே". வரிகள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. குருவின் பாட்டிலோ நம் பாம்பாட்டிச் சித்தரின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அந்த குரு தவமிருந்த மருந்துவாழ்மலை நம் மாவட்டத்தில், கன்னியாகுமரி போகிற வழியில் நிற்கிறது. சித்தரிடமிருந்து குருவுக்கு, குருவிடமிருந்து டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு. மூன்று கை மாறியும் அது அந்தப் பையன்களின் சொந்தப் பாட்டாகவே ஒலித்தது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிற ஒரு அம்மாவைப் பற்றியது. பேஸ் கிட்டார் வாசிக்கிற பையனின் அம்மாதான். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர். ஆறு மாதம் முன்பு போனில் எனக்கு அனுப்பிய முதல் பதிவில் "எனக்க அம்மைக்க நெத்தியில" என்று இருந்தது. இப்போது கேட்டால் "என் அம்மாவின் நெற்றியிலே".

ஏன்டா மாற்றினாய் என்றேன்.

"மெட்ராஸ்காரனுக்கு மனசிலாகண்டாமா மாமா? மலையாளம்னு நெனச்சிருவான்."

(புரியவேண்டாமா என்பதற்கு மனசிலாகண்டாமா என்றுதான் சொன்னான். சத்தியமாக.)

அர்த்தம் போனது மட்டுமல்ல என் வருத்தம். "என்" ஒரே அசை. "எனக்க" இரண்டு அசை, யாப்பில் புளிமா, நடுவில் அந்த வல்லின அழுத்தம் வேறு. பழைய பதிவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் ஸ்னேர் அடியைச் சரியாக அந்த "க்க" மேல் போட்டிருந்தான். அடுத்து "அம்மைக்க"விலும் அதே இடத்தில் ஓர் அடி. மரத்தில் கத்தி இழுத்து இழுத்து விழுகிற மாதிரி பாட்டு முன்னால் சாய்ந்து நடந்தது. எந்த வெளிநாட்டு ஆல்பத்திலும் அந்தத் தாளத்தை நான் கேட்டதில்லை. யாரும் யோசித்துப் போட்டதும் இல்லை, நம் பேச்சு கொண்டுவந்து கொடுத்தது. வார்த்தையை மாற்றியதும் அந்த இடம் பள்ளமாகிவிட்டது. சிம்பலைத் தட்டி மூடியிருக்கிறார்கள்.

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 2006இல் ஷெஃபீல்டு ஊர்ப் பேச்சிலேயே முதல் ஆல்பத்தைப் பாடினார்கள். பிரிட்டனில் முதல் வாரமே 3,60,000 பிரதிகளுக்கு மேல் போயிற்று. லண்டன்காரனுக்கு மனசிலாகண்டாமா என்று அவர்கள் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

ஏழாவது பாட்டில் உடுக்கை வருகிறது. அதைப் பெருமையாக வேறு சொன்னான். இணையத்தில் இறக்கிய துண்டு, எட்டு மாத்திரைக்கு ஒரு தடவை அச்சு அசலாகத் திரும்பி வருகிறது. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய பிளாஸ்டிக் குலைவாழை. இதைத்தான் அவர்கள் "நம்ம ஒரிஜினாலிட்டி" என்று நினைக்கிறார்கள். நிஜமான சங்கதி நாலாவது பாட்டின் கடைசியில் கிடக்கிறது. நாலு பேரும் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலாகப் பிரிந்து, வாத்தியமே இல்லாமல் இருபது விநாடி பாடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து சபைக் கொயரில் நின்ற தொண்டைகள். கீர்த்தனை வளைவும் அதில் இருக்கிறது. சென்னை பேண்டுகளில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. கேட்டால், "அது சும்மா பாடிப் பாத்தது மாமா, எடுத்துரலாம்னு இருக்கோம்" என்கிறான். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தலையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

மீதியில் மூன்று காதல் பாட்டு. நிலா, மழை, விழி. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் அன்றைக்கே அவனிடம் கத்தித் தீர்த்தேன். பதில் பேசாமல் குழித்துறையில் இறங்கிப் போய்விட்டான். அக்கா போன் செய்து, பிள்ளையை ஏன் ஏசினாய் என்றாள்.

நேற்று ராத்திரி புது மிக்ஸ் அனுப்பியிருந்தான். "எனக்க" திரும்ப வந்திருக்கிறது, ஸ்னேரும் பழைய இடத்தில். கொயர் இருபது விநாடி அப்படியே இருக்கிறது. உடுக்கையை மட்டும் எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கிறான்.