சோதித்தது ஐபேடை, கிண்டிலை அல்ல

அமேசானின் மின்நூல் படிக்கும் கருவியான கிண்டிலில் படித்தால் தூக்கம் கெடும் என்று ஹார்வர்ட் ஆய்வு நிரூபித்துவிட்டதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் வருகிறார்கள். ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் படித்தது ஐபேடில்.

2014 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழான பி.என்.ஏ.எஸ்.-இல் வந்த கட்டுரை அது. 12 பேர் மங்கலான அறையில், ஐபேடின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்து, படுக்கும் முன் சுமார் 4 மணி நேரம், தொடர்ந்து 5 இரவுகள் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் வரச் சராசரியாகப் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. ஐபேட் திரை கண்ணை நோக்கி ஒளி வீசுவது. கிண்டிலின் மின்மைத் (இ-இங்க்) திரையோ காகிதத்தைப் போல அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. முதலாவதன் முடிவை இரண்டாவதன் மேல் ஏற்றுவது சரியில்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்பிலேயே 'ஒளி உமிழும்' மின்வாசிப்பான் என்றுதான் இருக்கிறது. அப்புறம் செய்முறைப் பகுதியைத் திறந்தால் கருவியின் பெயரும் இருக்கும். வீட்டில் கிண்டில் இருந்தால் அதில் படிக்க உதவும் உள்விளக்கை முழுக்க அணைத்துவிட்டு அறை விளக்கையும் அணையுங்கள், திரை தானாக ஒளி வீசாததால் எழுத்து தெரியாது. கிண்டிலின் உள்விளக்கை ஏற்றி வைத்து நள்ளிரவு வரை படித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை. பகிர்ந்தவர்கள் பதிவில் கருவியின் பெயரை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.